கொடுமுடிக் குரல்: கே. பி. சுந்தராம்பாள் (1908–1980)

மாணவர்களே,

நாம் விரும்பும் கலைஞர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் இன்று தொலைக்காட்சியில் காணும் பாடகர்களையே எழுதுகிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் மார்கழி மாத விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து வந்து உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பும் அந்தக் கணீரென்ற பெண் குரல் யாருடையது என்று கேட்டால், பலருக்கும் தெரிவதில்லை. குரல் தெரியும், பெயர் தெரியாது. போன வருடம் இதே கேள்வியை வகுப்பில் கேட்டபோது, ஒரு பிள்ளை எழுந்து, அது ஔவையார் ரீச்சர் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ அந்த விடைக்கு அரைப் புள்ளியாவது கொடுக்கலாம் என்று தோன்றியது. காரணம், தமிழர்களில் பெரும்பாலானோர் ஔவையாருக்கு மனத்தில் வைத்திருக்கும் முகமும் குரலும் அவருடையவைதாம். அவரே கே. பி. சுந்தராம்பாள்.

பிறப்பும் இளமையும்

தமிழ்நாட்டில் காவிரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. தேவார மூவரும் பாடிய தலம் அது. எங்கள் திருக்கோணேச்சரமும் சம்பந்தரால் பாடப்பெற்றது என்பதை நீங்கள் சைவநெறி பாடத்தில் படித்திருப்பீர்கள். அக்கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். அவரது பெயரின் முன்னால் உள்ள எழுத்துகளைக் கவனியுங்கள். 'கே' என்பது கொடுமுடி. 'பி' என்பது பாலாம்பாள், அதாவது அவருடைய தாயாரின் பெயர். தந்தையின் பெயரை முதலெழுத்தாக இடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் தாயின் பெயரையே தாங்கி நின்றவர் அவர். அந்த ஓரெழுத்திலேயே அவருடைய இளமைக் காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். பிள்ளைகளை வளர்க்கும் பாரம் முழுவதும் தாயின் தலையிலேயே இருந்தது. வறுமை என்றால் சாதாரண வறுமை அன்று, அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று தெரியாத வறுமை.

சிறுமியான சுந்தராம்பாள் புகையிரதத்தில் பாடிப் பணம் சேர்த்தார். இக்காலத்தில் பேருந்தில் ஏறிப் பாடிவிட்டுக் கை நீட்டும் சிறுவர்களை நாம் பார்க்கிறோம். சிலர் காசு கொடுப்பர், பலர் சன்னலுக்கு வெளியே பார்ப்பர். அவரும் அப்படித்தான் நின்றார். அவ்வாறு பாடிக்கொண்டு வந்தபோது, நாடகக் கலையில் ஈடுபாடு கொண்டிருந்த எஃப். ஜி. நடேச ஐயர் அக்குரலைக் கேட்டு வியந்து, நாடகத் துறைக்குள் கொண்டுவந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர் வேலு நாயர் என்பவரின் நாடகக் கம்பனியில் அவர் சேர்ந்தார்.

அக்கால நாடகக் கம்பனிகளில் வேடங்களுக்குத் தனிப் பெயர்கள் இருந்தன. அரசன் முதலிய தலைமை ஆண் வேடம் ராஜபார்ட், பெண் வேடம் ஸ்திரீபார்ட், சிறுவர் வேடம் பாலபார்ட். (நாடகமும் அரங்கியலும் பாடம் எடுப்போர் இச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளவும்.) சுந்தராம்பாள் பாலபார்ட்டில் தொடங்கினார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளைகளுள் ஒருவராக அவர் மேடையேறினார். நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சத்தில் அடிபட்டு, அண்ணன் வீட்டிலும் ஆதரவு கிடைக்காமல், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த தாயின் கதை அது. அந்த நாடகத்தில் பசிக்கிறது என்று பாடி அழுவதற்கு, அந்தச் சிறுமிக்கு யாரும் நடிப்புச் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் அழுதார்கள் என்றால் அதில் ஆச்சரியமும் இல்லை.

அன்றைய மேடையில் ஒலிவாங்கி கிடையாது. ஆயிரம் பேர் இருக்கும் தகரக் கொட்டகையில் கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர் கூச்சல் போடுவார். ஆகவே குரல் வளமும் சொல் தெளிவும் இல்லாதவர் அங்கே நிலைக்க முடியாது. சுந்தராம்பாளின் பாட்டில் ஒரு சொல்லாவது மங்கிக் கேட்டதாக யாரும் கூற முடியாது. அது அந்தக் கொட்டகைகள் கற்றுக் கொடுத்த பாடம்.

இலங்கையும் கிட்டப்பாவும்

இனி நம் நாட்டோடு தொடர்புடைய பகுதிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கப்பலேறி இலங்கைக்கு வந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மாதக் கணக்கில் தங்கி நாடகம் போட்டன. ஈழத்தில் இசைநாடகம் வேரூன்றியது அவ்வழியாகத்தான். பிற்காலத்தில் மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நடித்துப் புகழ்பெற்ற நடிகமணி வி. வி. வைரமுத்து அம்மரபில் வந்தவரே. சுந்தராம்பாளும் இளம் வயதிலேயே இலங்கைக்கு வந்து நடித்துப் பெயர் பெற்றிருந்தார்.

அவ்வேளையில் தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்தவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்தவர். ஆண்கள் வழக்கமாகப் பாடும் சுருதியைவிட மிக உயர்ந்த சுருதியில், அதுவும் சிரமமே தெரியாமல் பாடக்கூடியவர். சங்கீத வித்துவான்களும் நாடகக் கொட்டகைக்கு வந்து அவர் பாட்டைக் கேட்டனர் என்றால் அவருடைய ஞானத்தைப் புரிந்துகொள்ளலாம். 1926ஆம் ஆண்டளவில் கிட்டப்பாவும் இலங்கைக்கு வந்தார். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்று நாடகம் நடத்தியவர்கள் துடித்தனர். அந்தப் பெண்ணோடு பாடினால் தோற்றுவிடுவாய் என்று கிட்டப்பாவிடம் சிலரும், அவரோடு பாடினால் உன் பெயர் போய்விடும் என்று சுந்தராம்பாளிடம் சிலரும் பயம் காட்டினார்கள் என்று சொல்வார்கள். இருவரும் கேட்கவில்லை. வள்ளி திருமணத்தில் கிட்டப்பா முருகனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் கொழும்பு மேடையில் தோன்றினர். யார் வென்றார் என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போயிற்று. 1927இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கிட்டம்மாள் என்ற மனைவி இருந்தார். சாதியும் வேறு. ஆகவே இந்தத் திருமணம் இரு குடும்பங்களுக்கும் இலகுவானதாக இருக்கவில்லை. மேடையில் முருகனும் வள்ளியுமாகக் கூட்டம் கைதட்டிய இருவருக்கும் இடையில், வீட்டில் கோபங்களும் பிரிவுகளும் இருந்தன. வரலாறு எழுதும்போது கலைஞர்களைத் தெய்வங்களாக்கி விடாதீர்கள். அவர்களும் நம்மைப் போல் சண்டை பிடித்தவர்களே.

ஏழு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1933ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைச் சேலை

அன்றிலிருந்து சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தார். நகைகளைத் துறந்தார். நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணோடும் சோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். 1980 வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், அவ்வுறுதி மாறவில்லை.

இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: புருசன் செத்தால் பெண் மட்டும் ஏன் ரீச்சர் வெள்ளை உடுக்க வேண்டும்? நல்ல கேள்வி. அந்த வழக்கம் சரி என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் பரீட்சையில் அப்படி எழுதத் தேவையில்லை. ஆனால் சுந்தராம்பாளின் வாழ்க்கையில் அது என்னவாக ஆனது என்று பாருங்கள்.

என் அம்மம்மா முப்பது வயதைத் தாண்டுவதற்கு முன்னமே விதவையானவர். அம்மப்பா இங்கே திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். அம்மம்மாவும் வெள்ளைச் சேலைதான் உடுத்தார். கலியாண வீடென்றால் குசினியில் நின்று மாடு மாதிரி வேலை செய்வார், ஆனால் தாலி கட்டும் நேரத்தில் முன்னுக்கு வரமாட்டார். யாரும் வராதே என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை, அதுதான் விடயம். ஆனால் அதே கலியாண வீட்டில் விடியற்காலையில் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் போடும் பாட்டு யாருடையது? சுந்தராம்பாளுடையது. பிள்ளையார் பாட்டோ முருகன் பாட்டோ, அந்தக் குரலில் தொடங்கினால்தான் காரியம் நல்லபடி நடக்கும் என்று ஊரே நம்பியது. விதவை எதிரில் வந்தால் சகுனம் சரியில்லை என்று சொன்ன அதே சனங்கள், ஒரு விதவையின் குரலை வைத்தே எல்லா மங்கல காரியத்தையும் தொடக்கினார்கள்! அம்மம்மா இதை விளக்கிச் சொன்னவரல்லர். பாட்டுக் கேட்டதும் குசினி வாசலுக்கு வந்து, பாட்டு முடியும்வரை சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே நிற்பார். அவ்வளவுதான். நான் படித்துப் பட்டம் பெற்ற பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

மீண்டும் மேடையும் நாட்டுப் பணியும்

கணவர் இறந்தபின் சிறிது காலம் சுந்தராம்பாள் வெளியே வரவில்லை. பிறகு இசைக் கச்சேரிகள் மூலம் மீண்டும் மக்கள் முன் வந்தார். இந்திய விடுதலை இயக்கத் தலைவர்களுள் ஒருவரான எஸ். சத்தியமூர்த்தி கலைஞர்களை அரசியலுக்குள் ஈர்ப்பதில் வல்லவர். நூறு பேர் பேசிச் சேர்க்க முடியாத கூட்டத்தை ஒரு சுந்தராம்பாள் பாடிச் சேர்ப்பார் என்பதை அவர் அறிந்திருந்தார். காங்கிரஸ் கூட்டங்களில் சுந்தராம்பாள் பாடினார். காந்தியடிகளைப் பற்றிய அவருடைய பாடல்கள் இசைத்தட்டுகளாக வந்து வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். கொட்டகையில் அரை மணி நேரம் விரித்துப் பாடிப் பழகியவர், சொல்ல வந்ததை மூன்று நிமிடத்திற்குள் சொல்லக் கற்றுக்கொண்டார். (உங்களுக்கும் பரீட்சை மண்டபத்தில் அதே நிலைதான்.)

காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினார் என்றும், உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி வேடிக்கையாகக் கேட்க, தட்டையே அவரிடம் கொடுத்துவிட்டார் என்றும், அதை ஏலம் விட்டுக் காந்தி நிதி சேர்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. புகையிரதத்தில் கை நீட்டி நின்ற சிறுமியின் வீட்டில், நாட்டுக்காகக் கை நீட்டும் ஒருவர் வந்து நின்றிருக்கிறார். எனக்கு இக்கதையில் பிடித்தது அதுதான்.

விடுதலைக்குப் பின் 1950களில் அவர் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். இந்தியாவில் திரைப்படத் துறையிலிருந்து சட்டசபைக்குச் சென்ற முதற் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவர். பின்னாளில் தமிழ்நாட்டில் திரையுலகிலிருந்து முதலமைச்சர்களே வந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பாதையில் முன்னே நடந்தவர் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நாடகக்காரி என்பது பலருக்கும் புதுத் தகவலாக இருக்கும்.

திரைப்படங்கள்

1935இல் வெளிவந்த பக்த நந்தனார் அவருடைய முதற்படம். தயாரிப்பாளர் அசன்தாஸ் நடிக்கக் கேட்டபோது சுந்தராம்பாளுக்கு விருப்பமில்லை. ஆளை விரட்டுவதற்காகவே ஓர் இலட்சம் ரூபா கேட்டார் என்பர். அவர் சம்மதித்துவிட்டார்! மாதம் முப்பது நாற்பது ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞர்கள் குடும்பம் நடத்திய காலம் அது. இந்தியாவிலேயே ஓர் இலட்சம் ரூபா ஊதியம் பெற்ற முதல் நடிகர் என்ற பெயர் இதனால் அவருக்கு உண்டாயிற்று. ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆணோடு சோடியாக நடிப்பதில்லை என்ற உறுதிக்கு என்ன செய்தார்? நந்தனார் வேடத்தைத் தாமே ஏற்றார். சாதியின் பெயரால் கோயிலுக்குள் விடப்படாத ஓர் ஆண் பக்தராக ஒரு பெண் நடித்தார். வேதியர் வேடத்தில் நடித்தவர் கர்நாடக இசை உலகின் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இத்தனை இருந்தும் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் படத்தைக் கடுமையாக விமர்சித்தார். மனிதர்களைவிட மரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே நன்றாக நடித்ததாகக் கேலியும் செய்தார். ஓர் இலட்சம் ரூபாவை மட்டும் எழுதிவிட்டு இந்தத் தோல்வியை விட்டுவிடும் விடைகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டையும் எழுதினால்தான் அது வரலாறு.

1940இல் மணிமேகலை. அதன்பின் நீண்ட இடைவெளி. ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் ஔவையார் படத்தைப் பல ஆண்டுகள் உழைத்து எடுத்தார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி அது வெளிவந்தது. ஔவையாக நடித்தபோது சுந்தராம்பாளுக்கு 45 வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் கோலூன்றி நடந்து, நரைத்த தலையோடு, மன்னர்கள் முன் அஞ்சாமல் நின்று அவர் பாடியதைப் பார்த்தவர்கள், அதற்குப் பிறகு வேறொரு ஔவையைக் கற்பனை செய்ய முடியாமல் போனார்கள். ஔவை பாடி வேண்ட, யானைக் கூட்டம் திரண்டு வந்து கோட்டையை உடைக்கும் காட்சியை அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மப்பாவோடு சேர்ந்து அவர் பார்த்த ஒருசில படங்களுள் அதுவும் ஒன்று.

இலக்கியம் படிப்போருக்கு ஒரு குறிப்பு. ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த புலவர்கள் இருந்தனர். அதியமானைப் பாடிய சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய பிற்கால ஔவை வேறு. படம் எல்லோரையும் ஒருவராக்கிக் காட்டியது. திரைக்கதைக்கு அது பொருந்தும், விடைத்தாளுக்குப் பொருந்தாது.

1964இல் பூம்புகார். சிலப்பதிகாரக் கதை. திரைக்கதை வசனம் மு. கருணாநிதி. கவுந்தியடிகள் என்ற சமணத் துறவியாகச் சுந்தராம்பாள் நடித்தார். சமணத் துறவிக்குத் திருநீறு கிடையாது. திருநீறு இல்லாத நெற்றியோடு நிற்க மாட்டேன் என்று அவர் மறுக்க, பின்னர் ஒருவாறு இணக்கம் கண்டனர் என்று கூறுவர். கடவுள் மறுப்பாளரான கருணாநிதியும் முருக பக்தையான சுந்தராம்பாளும் ஒரே படத்தில் பணியாற்றினர். கொள்கையில் இருவரும் இரு துருவம். ஆயினும் தமிழ் உச்சரிப்பு என்று வரும்போது இருவரும் ஒரு பக்கம்.

அப்படத்தில் வாழ்க்கையை ஓடத்திற்கு ஒப்பிட்டு அவர் பாடும் பாடல் ஒன்று உண்டு. ஓடம் என்றால் என்ன என்று உள்ளூர்ப் பிள்ளைகள் என்னைக் கேட்டதில்லை. உட்துறைமுகத்தில் வள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அம்மம்மாவிடம் ஒரு கசெற் இருந்தது. யாரோ வானொலியிலிருந்து பதிந்து கொடுத்தது, நடுவே அறிவிப்பாளரின் குரலும் கேட்கும். நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் உடுப்புப் பையோடு அந்தக் கசெற்றும் வந்தது. கேட்பதற்குக் கருவியும் இருக்காது, மின்சாரமும் இருக்காது. எதற்கு அம்மம்மா இது என்று கேட்டால், கிடக்கட்டும் பிள்ளை என்பார். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வீட்டுக்குள் வந்தபோது அதுவும் போய்விட்டது. கடல் கொண்ட பூம்புகாரின் படப்பாட்டைக் கடலே கொண்டு போயிற்று என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். அன்றைக்கு அது யாருக்கும் சிரிப்பாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை.

1965இல் ஏ. பி. நாகராசனின் திருவிளையாடல். பழம் கிடைக்காத கோபத்தில் மலைக்குப் போய்விட்ட முருகனைச் சமாதானப்படுத்தும் ஔவையாக அவர் மறுபடியும் வந்தார். கே. வி. மகாதேவனின் இசையில் அவர் பாடிய பாடல்கள்தாம் இன்று கோயில் ஒலிபெருக்கிகளில் நீங்கள் அதிகம் கேட்பவை. 1967இல் கந்தன் கருணையிலும் ஔவை அவரே. எது அரியது, எது கொடியது, எது பெரியது என்று முருகன் கேட்க ஔவை விடை கூறும் காட்சி அதில்தான் வருகிறது. வினாவும் விடையுமாக ஒரு பாடல் எவ்வாறு அமையலாம் என்பதற்கு வகுப்பில் நான் காட்டும் உதாரணமும் அதுவே. மகாகவி காளிதாஸ் (1966), துணைவன் (1969) முதலிய படங்களிலும் அவர் நடித்தார். 1973இல் காரைக்கால் அம்மையார் படத்தில் இளமைப் பருவத்தில் லட்சுமியும் முதுமைப் பருவத்தில் சுந்தராம்பாளும் தோன்றினர். அறுபத்துமூன்று நாயன்மாருள் பெண் அடியார் மூவர். இளமை அழகை வேண்டாம் என்று கேட்டுப் பேயுருவம் பெற்ற அம்மையார் அவர்களுள் ஒருவர். அந்த வேடத்திற்குச் சுந்தராம்பாளைவிடப் பொருத்தமானவர் அன்று யாரும் இல்லை.

ஒன்றைச் சிந்தியுங்கள். ஔவை, கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் ஆகிய மூவரும் கணவனோடு குடும்பம் நடத்தும் பெண்களாகக் காட்டப்படுபவர் அல்லர். துணையில்லாமல் தனியே நடந்து, ஊருக்கும் அரசனுக்கும் இறைவனுக்கும் நேரே பேசியவர்கள். 25 வயதில் எடுத்த உறுதி அவருக்குப் பல வேடங்களின் கதவைச் சாத்தியது. கதாநாயகியாக நடிக்கக்கூடிய ஆண்டுகள் முழுவதும் அப்படியே கழிந்தன. அது இழப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திறந்திருந்த ஒரே கதவின் வழியே வந்தவர், தமிழில் மூத்த பெண்களுக்கு என்று ஓர் இடத்தைத் திரையில் உண்டாக்கிவிட்டார்.

விருதுகளும் இறுதிக் காலமும்

தமிழ் இசைச் சங்கம் 1966இல் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. துணைவன் படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டிற்குரிய சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல்வர் பி. சுசீலா, அடுத்தவர் சுந்தராம்பாள். 1970இல் இந்திய அரசின் பத்மசிறீ விருது. அறுபது வயதைத் தாண்டிய பின்னரே இவ்விரு பெரிய விருதுகளும் வந்தன. பின்னணிப் பாடகி என்ற சொல்லும் அவருக்கு முழுதும் பொருந்தாது. அவர் தமக்குத் தாமே பாடி நடித்த பழைய மரபின் கடைசிப் பெரியவர். வேறு நடிகைக்குக் குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்ட காலத்திலும், அந்தப் பாட்டுக்கு அந்த முகமே வேண்டும் என்று இயக்குநர்கள் அவரைத் தேடி வந்தனர்.

1980இல் சுந்தராம்பாள் காலமானார்.

இப்போது அம்மம்மாவும் இல்லை. கசெற்றுக்குப் பதில் கைத்தொலைபேசியில் எந்தப் பாட்டையும் ஒரு நொடியில் கேட்கலாம். ஆனாலும் துறைமுகத்துப் பக்கத் தேநீர்க் கடையில், வேலையிலிருந்து இளைப்பாறிய ஐயாமார் காலையில் கூடும்போது, பத்திரகாளி அம்மன் கோயில் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தால் பேச்சு ஒரு கணம் நிற்கும். ஒருவர் எந்தப் படம் என்று சொல்வார். இன்னொருவர் இல்லை, அது வேறு படம் என்பார். கடைக்காரத் தம்பி இருவருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து வைப்பான். பாட்டு முடியும்வரை வழக்கு நடக்கும்.

பயிற்சி

1. கே. பி. சுந்தராம்பாளின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் இரண்டும் எவற்றைக் குறிக்கின்றன? அவற்றுள் இரண்டாவது எழுத்தின் சிறப்பு யாது?

2. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பாலபார்ட் என்பவற்றை விளக்குக. சுந்தராம்பாள் எதில் தொடங்கினார்?

3. இலங்கைக்கும் சுந்தராம்பாளின் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

4. பக்த நந்தனார் படத்தின் வெற்றி, தோல்வி இரண்டையும் காட்டி ஒரு பந்தி எழுதுக.

5. உங்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவருக்குப் பிடித்த பழைய பாடகர் யார் என்று கேட்டு, அந்தப் பாட்டை முதன்முதலில் எங்கே, யாரோடு கேட்டார் என்பதையும் விசாரித்து, 200 சொற்களில் கட்டுரையாக எழுதி வருக. (பாட்டு வரிகளை எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம்.)